அலமாரிக்குப் பின்னால் மூன்று பாட்டில்

பொன்மணிக்குக் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டபின் அவள் முதன்முதலாகப் போட்ட இஞ்சி பீர் இன்று பாட்டிலுக்குப் போகிறது.

பேரில்தான் பீர். இஞ்சியும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் புளிக்க வைக்கிற பானம், செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. காரியாபட்டி ஜூஸ் கடை சங்கரலிங்கம் அண்ணாச்சி நாற்பது பாட்டில் ஆர்டர் கொடுத்திருக்கிறார். கண்ணாடி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று.

புளிக்க வைத்திருந்த டிரம்மைத் திறந்தாள். ரெண்டு விரற்கடை குறைந்திருந்தது.

நாலு நாளாகப் புருஷன் காளீஸ்வரன், "இன்னைக்கு ஊத்தாத, பொறு, பொறு" என்று இழுத்தடித்தது இதற்குத்தானா? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிட்டதே.

வீட்டையே சல்லடை போட்டாள். அலமாரிக்குப் பின்னால் மூன்று பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள். மூன்றிலும் அவளுடைய இஞ்சி பீர்.

தண்ணீர்க் குடத்தோடு காளீஸ்வரன் உள்ளே வந்தான்.

"ஏங்க, இது என்ன?"

அவன் குடத்தை இறக்கி வைத்தான்.

"இனி குடிக்க மாட்டேன்னு இருக்கன்குடி கோயில்ல கயிறு கட்டி ஒண்ணேகால் வருசம். ஊரே மெச்சுச்சு. கடைசியில எம் பொழப்புலயே கை வச்சுட்டீகளே. ஊதுங்க பாப்போம்."

ஊதினான். டீ வாசம்தான் வந்தது.

"அதுல ஒண்ணாவது திறந்திருக்கா பாரு. முன்னால இருக்கிற ரெண்டையும் அமுக்கு."

அமுக்கினாள். இரண்டும் கருங்கல்லாக இருந்தன.

"நாலு நாளைக்கு முந்தி ஒண்ணு, மறுநாள் ஒண்ணு பிடிச்சு மூடி வச்சேன். விடியுமுன்ன கேஸ் ஏறிக் கல்லாயிருச்சு. டிரம்முல இன்னும் புளிச்சுக்கிட்டு இருந்துச்சு. அதக் கண்ணாடியில அடைச்சிருந்தா நாப்பதும் வெடிச்சிருக்கும். இறுக்கி அடைச்சா என்னாகும்னு நமக்குத் தெரியாதா?"

"இத எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னேன். 'வீடியோவுல ஏழு நாள்னு போட்டிருக்கு, உங்களுக்கு என்ன தெரியும்'னுட்ட. நான் டிரம் பக்கம் போனாலே என் வாய மோந்து பாக்குற. அதான் ஒளிச்சு வச்சேன்."

பொன்மணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்றாவது பாட்டிலை எடுத்து அமுக்கினாள். மெத்தென்று அமுங்கியது.

"அது முந்தாநாள் பிடிச்சது. ரெண்டு நாளாகியும் கல்லாகல. புளிச்சு அடங்கிருச்சு. இனி தைரியமா ஊத்து."

அவன் புனல் பிடிக்க அவள் ஊற்றினாள். நாற்பதும் நிரம்பியதும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டிரம்மில் மிஞ்சியதை டம்ளரில் பிடித்து, முதல் ஆளாக அவனிடமே நீட்டினாள்.

"நீங்கதான் மொதல்ல குடிச்சுப் பாத்துச் சொல்லணும்."

காளீஸ்வரன் கயிறு கட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்கு வேணாம் பொன்மணி. பேருலயே பீர் இருக்கு."