அப்பாவின் பட்டியல்

மகளின் அறைக் கதவில் காதை வைத்து நின்றுகொண்டிருந்தார் லிஃப்ட் மெக்கானிக்.

காலை ஆறு மணி. பெற்ற பெண்ணின் கதவில் ஒட்டுக்கேட்பது கேவலம் என்று அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு மாதமாக அவருக்கு நிம்மதி இல்லை.

மகளுக்குப் பத்தொன்பது வயது. படிப்பை முடித்துக்கொண்டு ஹாஸ்டலிலிருந்து வீடு திரும்பிய நாள் முதல் இதே கதைதான். ஆறு மணிக்கு உள்தாழ்ப்பாள் விழும். கால் மணி நேரம் கிசுகிசுவென்று பேச்சு. பிறகு ஒன்றுமே நடக்காதது போல வந்து பல் தேய்ப்பாள்.

கேட்டுவிட வேண்டியதுதானே என்றாள் மனைவி. கேட்டு, அவள் யாரோ ஒருவன் பேரைச் சொல்லிவிட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று இவருக்குத் தெரியவில்லை.

மூடிய கதவுக்குப் பின்னால் வரும் சத்தத்தை வைத்து என்ன கோளாறு என்று சொல்வதுதான் அவருடைய தொழில். இன்று அதை வீட்டிலேயே செய்தார்.

காதை வைத்தபோது பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

“...அத்தை. அவங்க முழங்கால் வலி குறையணும். கண்ணாடிக் கடை மாமா. மாடி வீட்டு டீச்சர். காது கேக்காத தையல்காரர்...”

போனில் பேசுகிற பேச்சு இல்லை அது.

அவர் காதை இன்னும் அழுத்தி வைத்தார். தையல்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. பாவம், மகளுக்கு அது தெரியாது. இந்தப் பேர்களை இந்த வரிசையில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவரும் மூன்று வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார்.

அது அவருடைய அப்பாவின் பட்டியல்.

விடிந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தெரிந்தவர்கள் ஒவ்வொருவருக்காகவும் பிரார்த்தனை செய்வார் அப்பா. அவருடைய அப்பாவும் அப்படித்தானாம். சொத்து என்று அந்தக் குடும்பத்தில் கைமாறியது அது ஒன்றுதான்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலையில், அந்தப் பிரார்த்தனை முடியும்வரை காத்திருந்து, “யாரும் கேக்கலப்பா. நீங்க சுவத்துக்கிட்ட பேசிட்டிருக்கீங்க” என்றார் இவர். வாய் நீண்டிருந்த வயது.

அப்பா குரலை உயர்த்தவில்லை. “சரி. இனிமே என் பிரார்த்தனையில உன் பேர் வராது.”

இவர் சிரித்தார். அந்த மாதமே தனி வீடு பார்த்துக்கொண்டு போனார். பிறகு இருவருக்கும் இடையில் ‘எப்படி இருக்கீங்க’, ‘இருக்கேன்’ என்பதோடு சரி. பேத்தியை மட்டும் விடுமுறைக்கு அனுப்பிவைத்தார். தாத்தாவுக்கும் பேத்திக்கும் நடுவில் தான் எதற்கு என்று.

கேட்பதற்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்று அவர் இன்றுவரை நம்பவில்லை. ஆனாலும் லிஃப்ட் குழியில் இறங்கும்போதெல்லாம், அந்தப் பட்டியலில் தன் பேர் இல்லை என்பது சுருக்கென்று தைக்கும். ஒருமுறை கம்பிவடம் நழுவி, மயிரிழையில் பிழைத்து மேலே வந்தபோதும் முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். வெளியே சொல்ல முடியாது. நம்பாதவனுக்கு என்ன வருத்தம் என்று சிரிப்பார்கள்.

இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பேராகக் கேட்டார்.

வரவில்லை.

“...அப்புறம், லிஃப்ட் குழியில இறங்குற எங்க அப்பா” என்று முடித்தாள் மகள்.

அது அவளாகச் சேர்த்தது. கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா சொன்னதைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்பதும் தெரிந்துபோயிற்று.

அந்த யோசனையில் தாழ்ப்பாள் விலகியதை அவர் கவனிக்கவில்லை. கதவோடு சேர்ந்து உள்ளே சரிந்து, மகளின் தோளைப் பிடித்துச் சமாளித்தார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “திட்டாதீங்கப்பா. உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காதுன்னு தெரியும். தாத்தாவுக்குக் கடைசில குரல் போயிடுச்சுல்ல, அப்ப ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாரு. எனக்குப் பதிலா நீ சொல்லுன்னு. ஹாஸ்டல்லயும் ஒரு நாள் விடல.”

“இவ்ளோதானா?” என்றார் அவர். “நான் எவனோ ஒருத்தன்னு நெனச்சு ஒரு மாசமா செத்துட்டிருக்கேன்.”

இருவரும் சிரித்தார்கள். அவரால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தத் தைரியத்தில் மகள் கேட்டாள்: “ஒண்ணு கேக்கலாமாப்பா? முதல் பேர் மட்டும் யாருன்னே தெரியல. யாரை விட்டாலும் இதை விடாதேன்னு தாத்தா அதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருக்காரு. அத்தைக்கிட்ட கேட்டேன், அவங்களுக்கும் தெரியல. ‘அவசரக்குடுக்கை’ன்னு எழுதியிருக்கு.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

எட்டாம் மாதமே பிறந்துவிட்ட பிள்ளையை, பக்கத்தில் யாரும் இல்லாதபோது, காதோடு காதாக அப்பா மட்டும் அப்படிக் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, பையனுக்கு வெட்கமாக இருக்கும் என்று அதையும் நிறுத்திவிட்டார்.

பேர் வராது என்றார். பேர் வரவில்லைதான்.

“உங்களுக்குத் தெரியுமாப்பா அது யாருன்னு?”

“தெரியும்” என்றார். “நல்லா இருக்கான். நீ விடாம சொல்லும்மா.”