நாற்பத்திரண்டும் சிவப்பு

"சார், உங்க ஃபேக்டரியில நாப்பத்திரண்டு மெஷினும் செத்துக் கிடக்கு!" கோயம்புத்தூர் ஹெட் ஆபீசிலிருந்து ஷிஜோ லேண்ட்லைனில் அலறினான்.

ஓவேலித் தேயிலை ஃபேக்டரியின் மேனேஜர் தினகரனுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. செத்துக் கிடந்த மெஷின்கள் பக்கத்துக் கூடத்தில் அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

"எல்லாம் ஓடுதுங்க ஷிஜோ. சத்தம் கேக்கலீங்களா?"

"சத்தத்தை எல்லாம் சிஸ்டம் எடுத்துக்காது சார். எட்டு மணிக்குள்ள ஸ்கேன் ஆகலைன்னா சிவப்புதான். பதினோரு மணிக்கு மீட்டிங் வேற, அதுக்குள்ளயாவது ஸ்கேன் பண்ணி அனுப்பினா பச்சையாயிடும். தேவாலா ஃபேக்டரியைப் பாருங்க, பச்சைப் பசேல்னு இருக்கு!"

மெஷின் பராமரிப்புக்கு சாஃப்ட்வேர் வந்து மூன்று மாதம் ஆகிறது. மெஷினுக்கு ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. ஃபிட்டர் தினமும் ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பார்த்து, அதன் ஸ்டிக்கரை செல்போனில் ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

ஓவேலி, தேவாலா இரண்டு ஃபேக்டரியில் ஒன்றை மூடுவது என்று முதலாளி முடிவு கட்டியிருந்தார். எதை என்று சாஃப்ட்வேர் சொல்லும், அதற்குத்தான் இன்றைய மீட்டிங். எண்பது பேர் வயிற்றுப்பாடு அந்தப் பச்சையில் இருந்தது. தினகரனுடையதும் அதில் சேர்த்தி.

"தேவாலாவைப் பார், தேவாலாவைப் பார்" என்று கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துப் போயிருந்தது. இருந்தாலும் ஆபத்துக்குப் பாவமில்லை, ஒரு யோசனை கேட்போம் என்று அந்த ஃபேக்டரி மேனேஜர் வேலனின் செல்லுக்குப் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே. வேலை நேரத்தில் அந்த மனுஷன் ஒரு நாளும் லைனில் கிடைத்ததில்லை.

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசலில் ஃபிட்டர் ஆறுச்சாமி முழங்கால் வரை சேறோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்கு ஸ்கேன் பண்ணலீங்களா?"

"ஸ்டிக்கர் இடிஞ்சு போச்சுங்க சார்."

"ஸ்டிக்கர் கிழியும். இடியுமா?"

"ராத்திரி ஆனை வந்துருச்சுங்க."

"ஐயையோ! ஃபேக்டரிக்குள்ளயா?"

"இல்லீங்க. மொய்னுதீன் பாய் டீக்கடைக்கு."

தினகரன் கூடத்துக்கு ஓடினான். ரோலரில் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. ட்ரையரிலும் அப்படியே. ரிப்போர்ட் பச்சையாக வரும்போது மெஷினை எவன் போய்ப் பார்க்கிறான்? அவனும் பார்த்ததில்லை.

"ஒட்டுன அன்னிக்கே சொன்னனுங்க, இந்தப் பள்ளத்துல டவர் எடுக்காதுன்னு" என்றார் ஆறுச்சாமி. "அந்த ஷிஜோ தம்பி, 'ஸ்கேன் பண்ணுன எடத்துலயே அனுப்போணும்'னு சொல்லிட்டுக் காரேறிப் போயிருச்சு. டவர் எடுக்கறது மேல டீக்கடைகிட்டத்தானுங்க. ரோலரை அங்க தூக்கிட்டுப் போக முடியுங்களா? அதான் ஸ்டிக்கரை எல்லாம் கொண்டு போயி பாய் கடைச் சுவத்துல ஒட்டிப்போட்டன். ஒரு டீ குடிக்கற நேரத்துல நாப்பத்திரண்டும் முடிஞ்சுரும்."

"அடப் பாவி மனுஷா! அப்ப மெஷினை யாரு பாத்தது?"

"நாந்தானுங்க. முப்பது வருசமாப் பாக்கறனுங்களே! அது வேற வேலை, இது வேற வேலைங்க சார்."

தினகரனுக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே அவரை வேலையை விட்டுத் தூக்கியிருப்பான். மணியைப் பார்த்தான், ஒன்பதே முக்கால். வாயை மூடிக்கொண்டு மேட்டில் ஏறினான்.

அரிசி வாசத்துக்கு வந்த யானை, டீக்கடையின் மண் சுவரை அப்பளமாக நொறுக்கிவிட்டுப் போயிருந்தது. மொய்னுதீன் பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். சல்லடைப் பிரிவுச் செல்வியும் நாலு பெண்களும் தூறலில் மண்கட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், ட்ரையர் கெடச்சிருச்சுங்க!" செல்வி கத்தினாள். "மூணாம் நம்பர் ரோலரு பாதிதானுங்க இருக்குது!"

மானம் பார்த்தால் ஃபேக்டரி போய்விடும். தினகரன் பேன்ட்டை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கினான். பாய்லரை அவனே தோண்டியெடுத்து, சட்டை நுனியால் துடைத்து ஸ்கேன் செய்தான். மூன்று மாதத்தில் அவன் கைபட்ட முதல் மெஷின் அதுதான்.

பதினொன்றே காலுக்கு இருபத்தாறு பச்சை தேறியது. மிச்சம் பதினாறும் கூழாகிப் போயிருந்தன. அப்போது செல் அடித்தது. ஷிஜோதான்.

"சார், முடிவாயிருச்சு. தேவாலா இன்னிக்கும் நூத்துக்கு நூறு. உங்க ஃபேக்டரியை மூடச் சொல்லிட்டாங்க."

தினகரன் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். எண்பது குடும்பத்துக்கும் என்ன பதில் சொல்வது?

"நாமளும் அவங்களாட்ட நேர்மையா இருந்திருக்கோணும்ணா. தேவாலாவுலயும் இதே மழைதான், இதே ஆனைதான். அங்க மட்டும் எப்படி ஒரு நாள்கூடச் செகப்பு வரலை?"

ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார்.

"அவங்க ஒட்டுன சுவரு கான்கிரீட்டுங்க, சார்."