குடும்பம் மட்டும்

"அம்மா, கண்ணை மூடிக்கோங்க. நான் சொல்றப்பதான் திறக்கணும்."

"படிக்கட்டே தானா நகருது, இதுல கண்ணை வேற மூடணுமா? விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?" என்றாள் அம்மா. ஆனாலும் மூடிக்கொண்டாள்.

அவன் ஒரு கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டான். மறு கையில் சின்னவளின் பை. அப்பா பின்னால், நகரும் படிக்கட்டின் கைப்பிடியைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி வந்தார். சுரங்க ரயில் நிலையத்தின் வாசலுக்கு வந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"இப்ப திறங்க."

எதிரே ஆறு. ஆற்றின் மேல் இரும்புப் பாலம். அதற்கு அந்தப் பக்கம் மேகத்தை முட்டிக்கொண்டு கோபுரம்.

அம்மா பாலத்தையும் கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "வேற வாசல் வழியா வந்திருந்தா இதெல்லாம் தெரியாதா?" என்று கேட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுதான் தெரியும். எல்லா வாசல்லயும் ஏறி இறங்கிப் பார்த்துட்டுத்தான் இதைப் பிடிச்சேன்."

"சரியான ஆளுதான் தம்பி நீ" என்றார் அப்பா.

மற்ற மாணவர்களின் அப்பா அம்மாக்கள் பெட்டியும் பையுமாக வந்து போவதை இரண்டு வருடமாக விடுதி சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். இந்த ஒரு நாளுக்காக ஊரையே சல்லடை போட்டுச் சலித்து வைத்திருந்தான். அறைத்தோழன் சோடாபுட்டியும் கூட வருவதாகத்தான் இருந்தது. இன்றைக்கென்று பார்த்து அவனுக்குப் பரீட்சை. சாயங்காலம் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போயிருந்தான்.

கோபுரத்தில் ஏறக் கண்ணாடி லிப்ட். கீழே ஊர் சுருங்கிக்கொண்டே போனது. அம்மா அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். சின்னவள் போனை ஆட்டி ஆட்டிப் படம் எடுத்தாள். வாழ்நாள் முழுக்க லிப்ட் பழுது பார்த்த அப்பா மட்டும் ஊர்ப் பக்கமே திரும்பவில்லை. தலைக்கு மேல் ஓடிய இரும்புக் கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல வந்தாச்சுப்பா. ஊரைப் பாருங்க."

"ஊர் எங்க ஓடிடப் போகுது? கொஞ்சமாவது சத்தம் கேட்டுச்சா பாரு. தம்பி, இன்னொரு தடவை இறங்கி ஏறலாமா?"

"ரெண்டு தடவை ஏறத்தான் டிக்கெட்டே எடுத்தேன். லிப்ட்னா உங்களுக்கு உயிர்னு எனக்குத் தெரியாதா?"

அப்பா அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. அவன் சிரித்துக்கொண்டே தேய்த்துக்கொண்டான்.

அடுத்து படகு. ஓடிப்போய் நடுவரிசையில் இடம் பிடித்தான்.

"அண்ணா, ஓரத்துல உட்காரலாம். தண்ணியைத் தொடலாம்" என்றாள் சின்னவள்.

"நீ போய் உட்காரு. அம்மாவுக்குத் தண்ணின்னா பயம்."

"இதைக்கூடத் தெரிஞ்சு வச்சிருக்கியா?" என்று அம்மா கேட்டாள்.

"போன்ல நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க."

அம்மா டப்பாவைத் திறந்து, கட்டிக்கொண்டு வந்திருந்ததில் அவனுக்குத்தான் முதலில் எடுத்து வைத்தாள். எல்லோரும் சாப்பிட்டதும் மீதியை மூடினாள். "இது அவனுக்கு. பாவம், பரீட்சைன்னு காலையில பச்சைத்தண்ணி கூடக் குடிக்காமப் போனான்."

"அவனுக்கு மட்டும் டப்பா நிறைய, எனக்கு இத்தனூண்டா?" என்று கையை நீட்டினான் அவன்.

"வயித்தைப் பாரு, பீப்பா மாதிரி" என்றாள் அம்மா. ஆனால் மூடியைத் திறந்து இன்னும் ஒரு கை அள்ளி வைத்தாள்.

கடைசியாக அவன் ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான். விடுமுறை நாட்களில் அவன் வேலை பார்க்கும் பேக்கரி. வாசலில் கொஞ்சம் தயங்கினான். பிறகு கதவைத் தள்ளினான்.

கையெல்லாம் மாவாக இருந்த கடைக்காரம்மா அவர்களை ஏற இறங்கப் பார்த்து, தன் மொழியில், "யார் இவங்கல்லாம்?" என்று கேட்டாள்.

அவன் மடமடவென்று அதே மொழியில் சொன்னான்: "எங்க அப்பா, அம்மா. இது தங்கச்சி."

சின்னவளுக்கு அந்த மொழி கொஞ்சம் தெரியும். அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அம்மாவின் காதருகே போய் ஏதோ சொன்னாள். அம்மா எட்டி, அவன் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

"வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டே. இப்படி ஒரு குடும்பத்தையா ஒளிச்சு வச்சிருந்தே?" கடைக்காரம்மா மாவுக் கையோடு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அப்பா தன் கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சுடச்சுட ரொட்டி வந்தது.

அதற்குள் சோடாபுட்டி மூச்சிரைக்க ஓடி வந்தான். "எப்படி எழுதினே?" என்று கேட்ட அம்மா, பதில் வருவதற்கு முன்பே டப்பாவை அவன் கையில் திணித்தாள்.

"எல்லாரும் வாசலுக்கு வாங்க. ஒரு போட்டோ எடுத்துக் கடையில மாட்டணும்" என்று கடைக்காரம்மா போனைத் தூக்கினாள். வரிசையாக நின்றார்கள். வாய் நிறைய சாப்பாட்டுடன் சோடாபுட்டியும் ஓரமாக வந்து ஒட்டிக்கொண்டான்.

கடைக்காரம்மா போனை இறக்கினாள். "முதல்ல குடும்பம் மட்டும்" என்றவள், சோடாபுட்டியைப் பார்த்து, "நண்பர் கொஞ்சம் தள்ளி நிக்கலாமா?" என்று பணிவாகக் கேட்டாள்.

சோடாபுட்டி, "நானா?" என்று திருதிருவென விழித்தான். கடைக்காரம்மா கேட்டதைச் சின்னவள் அப்பாவின் காதில் சொன்னாள்.

அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்த அவனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. "இல்ல... நான்..." என்று வரிசையிலிருந்து விலகப் போனவனின் தோளை அப்பா அழுத்திப் பிடித்தார்.

"எங்க தம்பி போறே? நில்லு." சின்னவளிடம் திரும்பினார். "ரெண்டு பேரும் எங்க பசங்கதான்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

சின்னவள் சொன்னாள். அம்மா, தான் பெற்ற சோடாபுட்டியை ஒரு பக்கமும், நேற்று விமான நிலையத்தில்தான் முதன்முதலாகப் பார்த்த அவனை மறு பக்கமும் இழுத்து நிறுத்திக்கொண்டு, "இப்ப எடுக்கச் சொல்லு" என்றாள்.