முதல் தண்ணீர்

“‘ஆயா, காலையில மட்டும் தண்ணி ஏன் கசக்குது?’ன்னு ஒரு புள்ள கேட்டுச்சு மேடம். அன்னையிலிருந்துதான், புள்ளைங்க வர்றதுக்கு முன்னாடி எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் ஓடவிடுறேன்.”

தலைமையாசிரியை சாவிக்கொத்துக்காகக் கையை நீட்டினார். “ஊரே குடத்தைத் தூக்கிட்டு அலையுது. நீங்க வாய்க்கால் வெட்டி விடுறீங்க! எத்தனை தடவை சொல்லியாச்சு?”

“பூச்செடிக்குத்தான் போகுது மேடம். கடவுள் சத்தியமா வீணாக்கல.”

“அப்ப அந்தப் புள்ளையைக் கூட்டிட்டு வாங்க. வந்து சாட்சி சொல்லட்டும்.”

“அது எப்பவோ படிச்சு முடிச்சிட்டுப் போயிடுச்சே...”

ஆயா சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். அந்த வேலையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அறை வாசலில் கண்ணாடிப் புட்டிகள் நிறைந்த பெட்டியோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்து வேதியியலாளர் என்றது அவள் காட்டிய அடையாள அட்டை.

“வழக்கமா வர்ற டெஸ்ட்தானே? நல்ல நேரத்துல வந்தீங்க. தண்ணி சுத்தம்னு இந்தம்மா காதுல விழற மாதிரி சொல்லுங்க” என்றார் தலைமையாசிரியை.

அவள் புன்னகைத்தாள். “இன்னைக்குக் குழாயை யாராவது திறந்தீங்களா?”

“தொடவே கூடாதுன்னு நேத்தே சொல்லிட்டேன்.”

“நல்லதாப் போச்சு.”

முற்றத்துக் குழாயில் விழுந்த முதல் தண்ணீரை ஒரு புட்டியில் பிடித்தாள். சற்று நேரம் ஓடவிட்டு இன்னொன்றில் பிடித்தாள். மற்ற உலோகங்கள் குறுக்கிடாமலிருக்க ஏதோ சேர்த்தபின், இரண்டிலும் ஒரு பச்சைத் திரவத்தை விட்டுக் குலுக்கினாள்.

இரண்டாவது புட்டி பச்சையாகவே இருந்தது. முதல் புட்டி செக்கச்செவேலென்று சிவந்தது.

“ஈயம், மேடம். புள்ளைங்க மூளையையே மழுங்கடிக்கிற விஷம்.”

“ஐயையோ! இதுவரைக்கும் எல்லா டெஸ்ட்லயும் பாஸாச்சே!”

“ஆயா ஓடவிட்டப்புறம்தான் டெஸ்டுக்கு வந்தவங்க பிடிச்சிருப்பாங்க. உங்களோடது பழைய ஈயக் குழாய். ராத்திரி தேங்கி நிக்கிற தண்ணியிலதான் இறங்குது. ஈயத்துக்கு ருசி கிடையாது, கசந்தது வேற உலோகம். அந்தக் கசப்பைக் கொட்டினப்போ விஷமும் கூடவே போயிடுச்சு. இத்தனை வருஷமா இங்க படிச்ச எல்லாப் புள்ளைங்களையும் இவங்கதான் காப்பாத்தியிருக்காங்க.”

வெளியே பள்ளி வண்டியின் ஹாரன் கேட்டது. தலைமையாசிரியை செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய்ப் பெரிய வால்வை மூடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, எல்லாரையும் அறைக்கு அழைத்துப்போய், மேசைமேல் இருந்த சாவிக்கொத்தை இரண்டு கைகளாலும் எடுத்து நீட்டினார்.

“மன்னிச்சிடுங்க ஆயா. புதுக் குழாய் போடுற வரைக்கும் லாரித் தண்ணி. போட்டதும் முதல்ல நீங்கதான் திறந்துவிடணும்.”

கூடியிருந்த ஆசிரியைகள் கைதட்டினார்கள். ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப என் பூச்செடிக்கு ஒண்ணும் ஆகாதே?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

“நல்லா இரும்மா. நீ யாரு பெத்த புள்ளையோ!” என்று வேதியியலாளரின் கன்னத்தைத் தடவினார் ஆயா.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

“சார், நேத்து பஸ்ல ஒருத்தங்க, ஸ்கூல் குழாயைத் தொடக்கூடாதுன்னுட்டாங்கன்னு அழுதுட்டே வந்தாங்கன்னு சொல்லி லீவு கேட்டேனே... அந்த வேலை முடிஞ்சிடுச்சு. மத்தியானம் வந்துடறேன்.”

பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டதால் முற்றத்தில் யாரும் இல்லை. முன்பு எக்கி எக்கித் தொட்ட குழாய் இப்போது அவள் இடுப்புக்குத்தான் வந்தது. அதை மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

“சாட்சி சொல்லிட்டேன், ஆயா.”