எங்கே கிளம்பினார் முதலாளி?

"முதலாளி ஓடப் பார்க்கிறார்! பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. எங்கன்னு கேட்டா வாயே திறக்கலை!"

டிரைவர் போனில் கிசுகிசுத்த கொஞ்ச நேரத்தில் சோப்பு ஃபேக்டரி காலி. மொத்தப் பேரும் பங்களா வாசலில்.

பின்னே? ஆட்சி மாறியதிலிருந்து ஊரிலுள்ள பெரிய புள்ளிகள் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தார்கள். போன வாரம்தான் டயர் கம்பெனிக்காரர் போனார். அவரை நம்பியிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்.

சங்கத் தலைவர் காரை மறித்தார். டிக்கி மூட முடியாத அளவுக்குப் பெட்டிகள். முதலாளியம்மா மடியில் மிக்ஸி வேறு.

"முதலாளி, நேராவே கேக்கறேன். பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன்."

"பங்களாவை வித்ததும் நிஜமா?"

"நிஜம்தான்."

கூட்டம் கொதித்தது.

"அப்போ எங்க கதி? எம் பொண்ணு இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்கா. இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்?" தலைவர் கார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி பதறிப்போய் இறங்கினார்.

"வேலை எங்கய்யா போகுது? ஃபேக்டரியில பாதி நம்ம வெளிநாட்டுப் பார்ட்னரோடதுன்னு தெரியுமில்ல? ஆட்சி மாறினதும் அவருக்கு ஒரே உதறல். 'என் பங்கை நீ வாங்கிக்கோ, இல்லைன்னா இழுத்து மூடிடலாம்'னு ஒத்தைக்கால்ல நின்னார்."

"அதனால?"

"வாங்கிட்டேன். அதுக்குத்தான் பணம் போச்சு, பங்களாவும் போச்சு. ஃபேக்டரி இனி முழுசா இங்கேயேதான்!"

யாரோ விசில் அடித்தார்கள். தலைவர் கார் கதவிலிருந்து கையை எடுத்தார்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, முதலாளி?"

"நான் தவிக்கிறது தெரிஞ்சா பார்ட்னர் விலையை ஏத்திடுவாரே! இன்னிக்குக் காலையிலதான் கையெழுத்தாச்சு. இவன்கிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணு."

டிரைவர் தலையைச் சொறிந்தார். ஒரே சிரிப்பு.

"சரி, இப்போ சாமானோட எங்கதான் கிளம்பிட்டீங்க?"

முதலாளியம்மா கார் கண்ணாடியை இறக்கினார்.

"தொழிலாளர் குடியிருப்புக்குத்தான் தம்பி. உங்க பக்கத்து வீடு காலியா இருக்காமே? ஆமா, அங்க குழாய்ல தண்ணி காலையில வருமா, சாயங்காலம் வருமா?"