மாம்பழ நிற ரவிக்கை

மார்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து யாமினி ஆஸ்பத்திரி தைத்துக் கொடுக்கும் ரவிக்கைகளைத்தான் போடுகிறாள். உள்துணி வியர்வையிலுள்ள புரதங்களைப் படித்து, புற்றுநோய் தலைதூக்குமா என்பதை ஓர் எண்ணாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். ஏழு மாதமாக அது நான்கைத் தாண்டவில்லை. ஐம்பதைத் தாண்டினால் ஆபத்து.

வெள்ளிக்கிழமை காலை நர்ஸ் கூப்பிட்டாள். "புதன்கிழமை மட்டும் எழுபத்தொண்ணு காட்டுதுங்கக்கா. உடனே கெளம்பி வந்துருங்க."

ஆனால் புதன்கிழமை முழுக்க யாமினி நைட்டியோடு அல்லவா வீட்டில் கிடந்தாள்? ரவிக்கையே போடவில்லையே!

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று காலை தங்கை ஹரிப்ரியா வந்து, அன்றைக்கே ஒரு கிரகப்பிரவேசத்துக்குக் கட்டப்போகும் புடவைக்குப் பொருத்தமாக இருக்கிறதென்று யாமினியின் மாம்பழ நிற ஆஸ்பத்திரி ரவிக்கையை வாங்கிப் போயிருந்தாள்.

தங்கையை அழைத்தாள்.

"ஜாக்கெட்டுக்குத்தானே கூப்புடறே? தொவைச்சு வெச்சிருக்கேன், சாயங்காலம் கொண்டாறேன்" என்று சிரித்தாள் ஹரிப்ரியா.

"இப்பவே வாடி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

தங்கையின் சிரிப்பு நின்றது. "அக்கா, உனக்கு ஒண்ணுமில்லையே?"

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல ஏழு மாதமாக ஏங்கியவளுக்கு, இப்போது வாய் வரவில்லை.