அசையாம நில்லு!

நிலவைச் சுற்றும் பழைய விண்கலத்தில் ஒரு கேமரா இருந்தது. தான் ஒரே இடத்தில் நிற்பதாகவும், நிலவுதான் கீழே உருண்டு போவதாகவும் அதற்கு நினைப்பு. பள்ளங்களையே படமெடுத்துச் சலித்த அதன் கண்ணுக்கு முன்னே, ஒருநாள் எதிர்த்திசையிலிருந்து புதிய விண்கலம் ஒன்று தகதகவென்று வந்தது. கேமரா சொக்கிப்போனது.

"தம்பி, அசையாம நில்லு! ஒரே ஒரு படம்!"

விண்கலம் விருட்டென்று கடந்தது. படத்தில் விழுந்தது வெறும் வெள்ளைக் கோடு.

"ஏன்டா ஓடினே? படம் பாழாப்போச்சே!"

"நின்னா நிலாவுல விழுந்துடுவேண்ணே. நீங்க மட்டும் நிக்கிறீங்களா என்ன? என்னை மாதிரியே தலைதெறிக்க ஓடுறீங்களே!"

கேமரா குனிந்து பார்த்தது. நிலவு இருந்த இடத்திலேயே இருந்தது. பறந்துகொண்டிருந்தது தான்தான்.

அழிக்கப்போன படத்தை மறுபடி பார்த்தது. அந்த வெள்ளைக் கோட்டில் பாதி, தான் ஓடிய ஓட்டம்.